ரெண்டு கேபிள் போட்டும் 940 மெகாபிட்தான் வருது

கல்முனையில் ஒரு அச்சகத்துக்கு டெபியன் லினக்ஸ் சேர்வர் போட்டிருக்கிறேன். ஒரு கிகாபிட் நெட்வொர்க் போட் ரெண்டையும் 802.3ஏடி முறையில் பாண்ட் பண்ணி (ஒரே இணைப்புப் போல சேர்த்து), ஸ்விட்சிலும் அதுக்கான எல்ஏசிபி போட்டாச்சு. ஆனால் டிசைன் செய்யும் கொம்பியூட்டரிலிருந்து ஐபெர்ஃப்3 என்ற வேகச் சோதனையை ஓடவிட்டால் 940 மெகாபிட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. எங்கே பிழை?

பதில், மட்டக்களப்பு:
பிழை ஒன்றும் இல்லை தம்பி. அந்த கொம்பியூட்டரிலும் ஒரு கிகாபிட் போட்தானே இருக்கும், அதுக்கு மேல் எப்படி வரும்? அதோடு எல்ஏசிபியில் ஒரு டிசிபி இணைப்பு ஒரே கேபிளில்தான் போகும், பஸ்ஸை ரெண்டாப் பிரித்து ரெண்டு ரோட்டில் ஓட்ட முடியாதுதானே. ரெண்டு கொம்பியூட்டரிலிருந்து ஒரே நேரத்தில் சோதித்துப் பாருங்கள். ஐபெர்ஃப் சேர்வரை மட்டும் வேற வேற போட் எண்ணில் (கேபிள் போட் இல்லை, மென்பொருள் இணைப்பு எண்) ரெண்டு தரம் ஓடவிட வேணும், ஒன்று ஒரு நேரத்தில் ஒரு சோதனையைத்தான் ஏற்கும்.

பதில், அக்கரைப்பற்று:
மேலே சொன்னது சரி. ஹாஷ் பாலிசியையும், அதாவது எதை எந்த கேபிளில் அனுப்புவது என்ற விதியையும் பாருங்கள், ஒன்றும் மாற்றாவிட்டால் லேயர்2, அதாவது மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வைத்துத்தான் பிரிக்கும். லேயர்3+4 போட்டால் ஐபியும் போட் எண்ணும் கணக்கில் வரும். ஆனால் அது சேர்வரிலிருந்து வெளியே போவதுக்கு மட்டும். உள்ளே வருவதைப் பிரிப்பது ஸ்விட்ச், அதன் செட்டிங் வேற.

பாக்கெட்டை ரெண்டு கேபிளிலும் மாறி மாறி அனுப்பும் பேலன்ஸ்-ஆர்ஆர் முறையைப் போடச் சொல்லி யாராவது வருவாங்க, கேட்காதீங்க. பாக்கெட் வரிசை மாறி வந்து டிசிபி திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
ரெண்டு கொம்பியூட்டரில் பார்த்தேன், லேயர்3+4 போட்ட பிறகு சேர்வர் அனுப்பும்போது கூட்டினால் 1.8 கிகாபிட்டுக்கு மேல். உள்ளே வருவது மட்டும் இன்னும் ஒரே கேபிளில்.

பதில், அக்கரைப்பற்று:
அப்போ ஸ்விட்ச்தான். எந்த மாடல்?