இரும்புக் குண்டு தலையணையில் நிற்காமல் புகுந்து போகிறது (பிளெண்டர்)

நூல்கண்டு:
வணக்கம். பிளெண்டர் என்கிற 3டி அனிமேஷன் மென்பொருளில் ஒரு சின்னக் குறும்படம் செய்துகொண்டிருக்கிறேன். அலமாரி மேலிருந்து 10 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குண்டு உருண்டு, ஒன்றரை மீட்டர் கீழே கட்டிலில் கிடக்கும் தலையணையில் விழுந்து புதைய வேண்டும், அவ்வளவுதான் காட்சி. குண்டுக்கு ரிஜிட் பாடியும் (வளையாத திடப்பொருளாக விழ) கொலிஷனும் (துணி அதில் மோதி விலக) கொடுத்திருக்கிறேன். தலையணை கிளாத், அதாவது துணி போல அசையும் சிமுலேஷன், உள்ளே பிரஷர் (காற்றழுத்தம்) போட்டு உப்பவைத்தது. தலையணை குழியத்தான் செய்கிறது, ஆனால் குண்டு வேகமே குறையாமல் மெத்தை வரை போய்த்தான் நிற்கிறது. சில தடவை துணிக்குள் மாட்டிக்கொண்டு, துணி கிடந்து துடிக்கிறது. குண்டின் எடையை 4 கிலோவிலிருந்து 100 கிலோ வரை ஏற்றிப் பார்த்துவிட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. நான்கு நாளாக இந்த ஒரு காட்சியிலேயே நிற்கிறேன். எங்கே தப்பு?

சுவர்க்கடிகாரம்:
உங்கள் அமைப்பில் தப்பு இல்லை, பிளெண்டர் வேலை செய்கிற விதமே அப்படி. ரிஜிட் பாடியைக் கணக்கிடுவது புல்லட் என்கிற நிரல் நூலகம், கிளாத்துக்கு வேறு சால்வர் (அசைவைக் கணக்கிடும் நிரல்), இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. குண்டு எங்கே இருக்கிறது என்று துணிக்குத் தெரியும், அதனால் விலகிக் குழிகிறது. துணி தன்னைத் தடுக்கிறது என்பது குண்டுக்குத் தெரியவே தெரியாது, அதைப் பொறுத்தவரை வழியில் வெறும் காற்றுதான். எடையை மாற்றிப் பலனில்லாமல் போனதும் இதனால்தான்: துணி பார்ப்பது குண்டின் வடிவத்தையும் இடத்தையும் மட்டும், எடையை அது கேட்பதே இல்லை.

நான் செய்வது இது. தலையணையை விட்டுவிட்டு முதலில் குண்டை மட்டும் சிமுலேட் செய்து, ஆப்ஜெக்ட் மெனுவில் ரிஜிட் பாடிக்குக் கீழே இருக்கும் 'பேக் டு கீஃப்ரேம்ஸ்' கொடுங்கள், அசைவு கீஃப்ரேம்களாக (ஃபிரேம்வாரியாகக் குறித்த இடங்களாக) மாறிவிடும். உருண்டு வந்து விழுவது வரை அந்த கீஃப்ரேம்கள் அப்படியே இருக்கட்டும். தலையணையைத் தொடும் ஃபிரேமுக்கு அப்புறம் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு, குண்டு அமுங்கி நிற்பதைக் கையால் வையுங்கள். அதன் பிறகு கிளாத்தை ஓடவிட்டால், நீங்கள் நிறுத்திய இடத்தில்தான் குழி விழும். ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள். எடையைக் கண்ணுக்குக் காட்டுவது அந்த நிற்கிற விதம்தான், அதை மென்பொருளிடம் விடாமல் நாமே தீர்மானிப்பது நல்லது.

பதினாறு_பிட்:
துணி துடிப்பதற்குக் காரணம் வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றரை மீட்டர் விழுந்தால் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேமுக்கு 22 செ.மீ.க்கு மேல் தாண்டும். தலையணை கனமே 15 செ.மீ. இருக்குமா? ஒரு ஃபிரேமில் மேலே இருக்கிற குண்டு அடுத்த ஃபிரேமில் அடியில் இருக்கும். கிளாத்தில் குவாலிட்டி ஸ்டெப்ஸ் (ஒரு ஃபிரேமுக்குள் எத்தனை முறை கணக்கிடுவது என்பது) மாற்றாமல் விட்டால் 5, அதாவது ஒரு ஸ்டெப்புக்கு நாலரை செ.மீ. துணி மோதலை உணரும் தூரமோ 1.5 செ.மீ.தான். குண்டு அதைத் தாண்டி உள்ளே வந்த பிறகு எந்தப் பக்கம் தள்ளுவது என்று துணிக்குத் தெரியாமல் துடிக்கிறது. ஸ்டெப்ஸை 20 ஆக்குங்கள், ஒரு ஸ்டெப்புக்கு 1.1 செ.மீ. ஆகிவிடும். நேரம் பிடிக்கும், ஆனால் பொறுக்கலாம். மெஷ்ஷில் (தலையணையின் வடிவத்தைத் தரும் வலையில்) புள்ளிகளுக்கு நடுவே ஒரு செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் குழி உருண்டையாக வராது, மூலை மூலையாக உடையும். ஸ்கேலை (பொருளைப் பெரிதாக்கிய, சிறிதாக்கிய அளவை) அப்ளை செய்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள், பாதிப் பேர் சிக்குவது அங்கேதான்.

குண்டும் துணியும் உண்மையிலேயே ஒன்றையொன்று தள்ள வேண்டுமென்றால் இரண்டும் ஒரே சால்வருக்குள் இருக்க வேண்டும். ஹூடினி என்கிற மென்பொருளின் வெல்லம் (Vellum) சால்வர் அப்படி வேலை செய்யும், விற்பனைக்கு அல்லாத வேலைக்கு அதன் அப்ரென்டிஸ் பதிப்பு இலவசம். இந்த ஒரு காட்சிக்காக அதைப் புதிதாகக் கற்பதைவிட சுவர்க்கடிகாரம் சொன்னதையே நான் செய்வேன்.

நூல்கண்டு:
ரொம்ப நன்றி, இப்போதுதான் புரிகிறது. கையால் வைப்பது என்றால் எத்தனை ஃபிரேமில் நிறுத்துவது? நான்கைந்து ஃபிரேம் கொடுத்தால் குண்டு தண்ணீரில் மூழ்குவது போலிருக்கிறது.

இலவம்பஞ்சு:
10 செ.மீ. புதைந்து நிற்க உண்மையில் 0.04 நொடிகூட ஆகாது, ஒரே ஃபிரேம்தான். அதனால் நிற்பதை ஒன்று, மிஞ்சினால் இரண்டு ஃபிரேமில் முடித்துவிட்டு மோஷன் பிளரை (வேகமாக நகர்வது மங்கலாகத் தெரிவதை) ஆன் செய்யுங்கள். மீதி நேரத்தையெல்லாம் அதற்குப் பின் நடப்பதற்குக் கொடுங்கள்.

நான் வீட்டில் பழைய இலவம்பஞ்சுத் தலையணையில் ஐந்து கிலோ எடைக்கல்லைப் போட்டு, போனில் நொடிக்கு 240 ஃபிரேமில் எடுத்துப் பார்த்தேன். கல் இறங்கும்போது தலையணையின் நான்கு மூலையும் உள்நோக்கி இழுபட்டு மேலே தூக்கின. உறையில் கல்லைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி சுருக்கங்கள் ஓடின. கல் எழும்பவே இல்லை, லேசாக ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. தூக்கிய மூலைகள் மட்டும் மெதுவாக இறங்கின, குழி அப்படியே இருந்தது. உங்கள் தலையணையில் பிரஷர் மட்டும் இருப்பதால் பலூன் போல முழுசாகத் திரும்பி எழும், பஞ்சு அப்படி எழாது. பிரஷரைக் குறைத்து இன்டர்னல் ஸ்பிரிங்ஸ் (துணிக்கு உள்ளே குறுக்கே இழுக்கும் சுருள்கள்) சேர்த்து, டாம்பிங்கை (அசைவை அடக்கும் அளவை) ஏற்றிப் பாருங்கள்.

நூல்கண்டு:
செய்தேன்! ஸ்டெப்ஸ் 20, இரண்டு ஃபிரேமில் நிறுத்தம், அதற்குப் பின் பத்து ஃபிரேமில் குண்டு ஒரு பக்கமாகச் சாய்கிறது. மூலைகள் தூக்கி இறங்குகின்றன. முதல் தடவையாகக் குண்டு கனமாகத் தெரிகிறது. ஆனாலும் தலையணைக்கு அடியில் ஏதோ சிமெண்டுத் தரை மாதிரி இருக்கிறது.

சுவர்க்கடிகாரம்:
மெத்தை அசையாமல் கிடக்கிறது அல்லவா, அதுதான். ஷேப் கீ (வடிவத்தை மாற்றிச் சேமித்து வைக்கும் வசதி) ஒன்று போட்டு, குண்டு நிற்கிற அதே ஃபிரேமில் மெத்தையை இரண்டு செ.மீ. அமுக்குங்கள், ஆறேழு ஃபிரேமில் பாதி மட்டும் திரும்பி வரட்டும்.