தேய்ந்த ஆங்கிலத் தொடர்களை விரட்டத்தான் வேண்டுமா?

நீலமலை:
'அட் தி எண்ட் ஆஃப் த டே' (கடைசியில் பார்த்தால்), 'திங்க் அவுட்சைட் த பாக்ஸ்' (வழக்கத்தை விட்டு யோசி) மாதிரித் தேய்ந்த தொடர்களை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் தொடவே கூடாது என்பது என் கட்சி. அச்சில் பார்த்துப் பழகிய உவமையை எடுத்தாளாதே என்று ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-லேயே எழுதிவிட்டார். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று 'டோ த லைன்'. கோட்டில் கால்விரலை வைத்து நிற்பது, அதாவது சொன்னபடி நடப்பது. உச்சரிப்பு ஒன்றுதான் என்பதால், கயிறு கட்டி இழுக்கிற 'டோ'வைப் பலர் அங்கே எழுதிவிடுகிறார்கள். கோடும் காலும் கண்ணில் தெரிந்திருந்தால் இந்தப் பிழை வருமா?

கரிசல்குயில்:
'பிரேக் தி ஐஸ்' (தயக்கத்தை உடைப்பது), 'வைல்ட் கூஸ் சேஸ்' (வீண் அலைச்சல்) இரண்டும் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இருக்கின்றன. நானூறு வருடமாக உழைக்கிற தொடர்களைப் பழசு என்று தள்ளிவிடலாமா நண்பரே?

நீலமலை:
பழசு என்பது என் புகாரே இல்லை. முழுக்கச் செத்த உருவகம் சாதாரணச் சொல்லாகிவிடுகிறது, அதனால் கெடுதல் இல்லை என்று ஆர்வெல்லே சொல்கிறார். யோசிக்கிற வேலையைத் தட்டிக்கழிக்க உதவும் தொடர்கள்தான் ஆபத்து. 'தாட்ஸ் அண்ட் பிரேயர்ஸ்' (உங்களை நினைக்கிறோம், உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம்) அப்படிப்பட்டது. 2018-இல் ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அரசியல்வாதிகள் இதைத்தான் சொன்னார்கள். உயிர் தப்பிய மாணவர்கள், இது போதாது, துப்பாக்கிச் சட்டத்தை மாற்றுங்கள் என்று தெருவில் இறங்கினார்கள்.

கரிசல்குயில்:
அந்தக் கோபம் முழுக்க நியாயம். ஆனால் அது தொடர் மேலா, ஒன்றும் செய்யாதவர்கள் மேலா? அதே சொற்களைப் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து சொன்னால் யாருக்கும் கோபம் வராது. இழவு வீட்டில் புதுமையாகப் பேசுகிறவரைத்தான் எனக்குப் பிடிக்காது.

தெற்குச்சாளரம்:
நடுவில் ஒன்று. 'இட் வாஸ் எ டார்க் அண்ட் ஸ்டார்மி நைட்' (அது இருண்ட, புயல் வீசிய இரவு) என்று ஆங்கில நாவலாசிரியர் புல்வர்-லிட்டன் 1830-இல் ஒரு நாவலைத் தொடங்கினார். அவர் பெயரில் 1982-இல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் மோசமான முதல் வரிக்கென்றே ஒரு போட்டி தொடங்கினார்கள். என்னைக் கேட்டால் அந்த ஏழு சொற்களில் குறையே இல்லை. அதே வாக்கியம் அப்புறம் மழை, காற்று, அடைப்புக்குறிக்குள் லண்டன், விளக்குச் சுடர் என்று நீண்டுகொண்டே போகிறதே, அதுதான் பாரம்.

நீலமலை:
சரி, துக்கம் கேட்பதற்கு விலக்குத் தருகிறேன். அலுவலக அறிக்கைக்குத் தர மாட்டேன். அதை எழுதுகிறவருக்கு அடித்துத் திருத்த நேரம் இருக்கிறது. 'கோயிங் ஃபார்வர்ட்' (இனிமேல்) என்பதை எடுத்துவிட்டு, எந்த மாதம் முடியும் என்று எழுதட்டும்.