புதுப்பிப்பு: கடலில் குளித்த போன் பிழைத்துவிட்டது

போன ஞாயிறு எலியட்ஸ் கடற்கரையில், ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கு எதிரே செல்ஃபி எடுக்கப் போய் போனை அலையில் போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தேன் இல்லையா? பாதிப் பேர் "அரிசியில் போட்டு வை" என்றீர்கள். வைத்தேன். இரண்டு நாள் பொன்னி அரிசிக்குள் புதைந்து கிடந்தது. மூன்றாம் நாள் எடுத்தால் சார்ஜர் நுழையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன்: துளைக்குள் ஒரு குருணை, சிக்கென்று உட்கார்ந்திருக்கிறது. அம்மா ஊக்கோடு வந்தார். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு போன் ரிப்பேர் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு ஓடினேன்.

கடைக்காரர் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "அரிசியா தம்பி? வாரத்துக்கு நாலு வருது." திறந்தால் சார்ஜிங் போர்டில் பச்சையாகப் பூத்திருந்தது. அரிசி உப்பை உறிஞ்சாதாம். அந்தக் கடல் உப்பு உள்ளேயே தங்கி உலோகத்தை அரிக்கும். "நனைஞ்சதும் ஆஃப் பண்ணிக் கொண்டாந்திருந்தா பிரஷ்லயே முடிஞ்சிருக்கும்" என்றார். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, போர்டை மாற்றி, 850 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆப்பிள் நிறுவனமே ஐபோனை அரிசியில் வைக்காதீர்கள், துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று சொல்லியிருக்கிறதாம். ஒருத்தராவது இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்!

சரி, இப்போது போன் ஓடுகிறது. ஸ்பீக்கர்தான் ஜலதோஷம் பிடித்த மாதிரி கரகரக்கிறது. கடைசியாக எடுத்த செல்ஃபியும் கிடைத்தது. அதில் என் கட்டைவிரல் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அப்புறம், அந்த அரிசியை அம்மா நேற்று களைந்து உலையில் போட்டுவிட்டார். சாப்பிட்ட பிறகுதான் எனக்குச் சொன்னார்.