புவியிடத் தொழில்நுட்ப முதுகலை: பாடத்திட்டத்தில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி:
வணக்கம். இளங்கலையில் புவியியல் முடித்துவிட்டு, நிலப்படம், செயற்கைக்கோள் படம் போன்ற இடஞ்சார் தரவுகளைக் கையாளும் புவியிடத் தொழில்நுட்பத்தில் முதுகலை சேர விண்ணப்பிக்க இருக்கிறேன். இரண்டு பாடத்திட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்ததில், ஒன்றில் மென்பொருள் பயிற்சியே பெரும்பகுதியாக இருக்கிறது. மற்றொன்று புள்ளியியல், புவி அளவையியல் (புவியின் வடிவத்தையும் இடங்களையும் அளக்கும் துறை), நிரலாக்கம் என்று விரிகிறது. கணிதத்தைப் பள்ளியோடு விட்டுவிட்டதால் இரண்டாவதில் சேரத் தயக்கமாக உள்ளது. வேலைக்கும் பின்னாளில் ஆய்வுக்கும் எது கைகொடுக்கும்?

மறுமொழி 1:
இரண்டாவதையே எடுங்கள் நண்பரே. கியூஜிஐஎஸ் (QGIS) என்னும் நிலப்பட மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் அடிப்படைகளை வீட்டிலிருந்தே பழகிக்கொள்ளலாம். ஆசிரியரின் துணையோடு கற்க வேண்டியவை இடத்தை எண்களால் குறிக்கும் ஆயத்தொலைவு முறைகளும், உருண்டைப் புவியைத் தட்டைப் படமாக்கும் நிலப்பட எறியங்களும்தான். முதல் பருவத்தில், 60 பாகை அட்சரேகையில் இருந்த ஒரு மாதிரிப் புள்ளியைச் சுற்றித் தாங்கல் வளையம் (குறிப்பிட்ட தொலைவுக்குள் அடங்கும் பரப்பு) வரைந்தேன். அந்தத் தரவு அடுக்கின் அலகு பாகை என்பதைக் கவனிக்காமல் 0.01 என்று கொடுத்துவிட்டேன். திரையில் அழகான வட்டம் வந்தது. தரையிலோ அதன் ஆரம் வடக்கு தெற்காக ஏறத்தாழ 1.1 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக அதில் பாதிதான். துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுகின்றன அல்லவா? அந்த வளையத்துக்குள் எடுத்த கணக்குகள் அனைத்தையும் மீண்டும் செய்ய நேர்ந்தது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் கற்றவரால் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மறுமொழி 2:
செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் தொலையுணர்வுக்கும் இது பொருந்தும். லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படத்தொகுப்பு 2008 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. 10 மீட்டர் பிரிதிறன் கொண்ட சென்டினல்-2 படங்களும் அப்படியே. ஆகவே படம் கிடைப்பது இன்று பெரிய சிக்கல் அன்று, படப்புள்ளிகளை நீர், நிலம் என வகைப்படுத்திய முடிவை நம்பலாமா என்று சொல்லத் தெரிவதுதான் தேர்ச்சி. நீர்நிலை 5 விழுக்காடு மட்டுமே உள்ள பகுதியில், எல்லாப் படப்புள்ளிகளையும் 'நீரில்லை' என்று குறித்தாலே 95 விழுக்காடு துல்லியம் வந்துவிடும், ஒரு குளத்தைக்கூடக் கண்டறியாமலேயே! வகைவாரியாகப் பிழையைப் பிரித்துக் காட்டும் அட்டவணையைப் படிக்கப் புள்ளியியல் வேண்டும். அந்தத் துறையின் பழைய ஆய்வேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். களத்தில் சரிபார்த்த தரவு அவற்றில் இல்லையென்றால் நான் அங்கே சேரமாட்டேன்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஆய்வேடுகளைக் கேட்டு எழுதுகிறேன். சேருவதற்கு முன் கணிதத்தில் எதிலிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 3:
முக்கோணவியல், அணிகள், தொடர்புப்போக்குப் பகுப்பாய்வு (regression) ஆகிய மூன்றும் முதல் பருவத்துக்குப் போதும். அருகிலுள்ளவை தொலைவிலுள்ளவற்றைவிட ஒன்றோடொன்று அதிகம் தொடர்புடையவை என்று புவியியலாளர் வால்டோ டோப்ளர் (Waldo Tobler) 1970-இல் எழுதினார். அதனால்தான், தரவுகள் ஒன்றையொன்று சாராதவை என்று கருதும் வழக்கமான புள்ளியியல் முறைகள் இங்கே தடுமாறுகின்றன; இடஞ்சார் புள்ளியியல் தனிப் பாடமாக இருப்பதற்கும் அதுவே காரணம். கையோடு பைத்தான் நிரல்மொழியையும் தொடங்குங்கள். ஒரு செயற்கைக்கோள் படத்தின் அண்மை அகச்சிவப்புப் பட்டையிலிருந்து சிவப்புப் பட்டையைக் கழித்து, அதை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, பசுமையின் அளவைக் காட்டும் தாவரக் குறியீட்டை (NDVI) நீங்களே ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். பள்ளிக் கணிதமே அதற்குப் போதுமானது.