லெமன்கிராஸ் எண்ணெயில் ஈ சாகிறதா, சும்மா விழுகிறதா?

பண்ணைக்காரன்: வேறொரு இழையில் ‘வாசனைப்புல்’ எழுதியிருக்கிறார்: லெமன்கிராஸ் எண்ணெய் தெளித்தால் பத்தே நிமிடத்தில் ஈ எல்லாம் செத்துவிடுமாம், மருந்துக் கம்பெனிகள்தான் இதை மறைக்கின்றனவாம். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருப்பவனுக்கே ஈயைப் பற்றிப் பாடமா? சார், விழுந்த ஈ எல்லாம் செத்த ஈ ஆகாது. பூச்சிமருந்துச் சோதனையில் 24 மணி நேரம் கழித்துத்தான் சாவை எண்ணுவார்கள்.

வாசனைப்புல்: காலை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. அது சாவு இல்லையென்றால் சவாசனமா? ஆய்வுக்கூடத்திலேயே இந்த எண்ணெய் வீட்டு ஈயைக் கொன்றிருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

பண்ணைக்காரன்: எண்ணெயின் ஆவியில் ஈயை வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையெல்லாம் மூடிய ஜாடிக்குள் நடப்பது. உங்கள் வீட்டுக் கூடம் ஜாடியா? ஜன்னலைத் திறந்தால் எண்ணெய் காற்றோடு போய்விடும். கேட்பது ஒன்றுதான்: மறுநாள் அந்த ஈக்கள் அங்கேயே கிடந்தனவா?

வாசனைப்புல்: அப்போதே பெருக்கித் தள்ளிவிட்டேன்.

பண்ணைக்காரன்: ஆக, பார்க்கவில்லை. சரி.

நீலகிரியான்: தரை துடைக்கும் தண்ணீரில் கொஞ்சம் யூகலிப்டஸ் தைலம் விடுங்கள், ஈ அண்டாது. எங்கள் ஊட்டிச் சரக்கு என்றால் இன்னும் நல்லது.

வாசனைப்புல்: வந்துவிட்டார் வியாபாரி. இங்கே முன்பு நடந்த கற்பூர விவாதத்திலும் இதே விளம்பரம்தான்.

பூனைவீடு: பூனை வளர்ப்பவர்கள் இந்த எண்ணெய்களைத் தெளிக்காதீர்கள். பூனையின் ஈரலால் இவற்றைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது.

பண்ணைக்காரன்: பூனை அப்புறம் அம்மா. ஈ செத்ததா?

பூனைவீடு: நீங்கள் அடிக்கிற பெர்மெத்ரின் பூச்சிமருந்தும் பூனைக்கு விஷம்தான். ஊருக்கே ஈ சப்ளை செய்வது பண்ணைகள், இதில் இவர் நீதிபதி!

பண்ணைக்காரன்: முட்டை வாங்கும்போது மட்டும் பண்ணை மணக்கிறதோ? ஒரு பெண் ஈ ஒரு தடவைக்கு நூற்றைம்பது முட்டை வரை இடும். வெயில் காலத்தில் பத்து நாளுக்குள் அதெல்லாம் பறக்க ஆரம்பிக்கும். எச்சத்தில் ஈரம் தங்கினால் புழு வைத்துவிடும். அதைக் காயவைப்பதற்குள் எங்கள் ஆட்களுக்கு இடுப்பு ஒடிகிறது. புழு அடியில் நெளிய, மேலே வாசனை தெளித்து என்ன பயன்?

வாசனைப்புல்: பேச்சை மாற்றாதீர்கள். பைரெத்ரமும் பூவிலிருந்து எடுப்பதுதானே? அதை மட்டும் மருந்து என்று ஒப்புக்கொள்வீர்கள்.

பண்ணைக்காரன்: நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். பைரெத்ரத்தில் விழுகிற ஈயும் சில சமயம் எழுந்து பறந்துவிடும். அதனால்தான் மருந்தின் வீரியத்தைக் கூட்ட அதோடு பைப்பரோனைல் பியூடாக்சைடு என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். விழுவது வேறு, சாவது வேறு என்று முதலிலிருந்து கத்துகிறேன்.

வாசனைப்புல்: அப்படியானால் லெமன்கிராஸில் விழுகிறது என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

பண்ணைக்காரன்: விழட்டும். செத்ததா?

நீலகிரியான்: கற்பூர விவாதத்தில் நான் விளம்பரம் செய்ததாகச் சொன்னவர், அந்தப் பதிவை இங்கே ஒட்டட்டும் பார்க்கலாம்.

வாசனைப்புல்: அதைத்தான் நீங்கள் மறுநாளே அழித்துவிட்டீர்களே.