இறக்குமதி வரி போட்டால் உள்நாட்டுத் தொழில் பிழைக்குமா?

மதுரை மாணவி:
பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வரி போட்டால் வெளிநாட்டுச் சரக்கின் விலை ஏறும், உள்நாட்டுத் தொழில் வளரும் என்று பாடத்தில் இருக்கிறது. 2025இல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். அந்த வரியை உண்மையில் யார் கட்டுகிறார்கள்? போட்ட நாட்டுக்குப் பலன் உண்டா? தொழிலில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பவர்டேபிள், திருப்பூர்:
தங்கச்சி, நான் இங்கே ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் 16 வருடமாக மெர்ச்சண்டைசர். பையரிடம், அதாவது வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவரிடம், விலை பேசுவதிலிருந்து சரக்கை அனுப்பி வைப்பது வரை என் வேலைதான்.

வரியைக் கட்டுவது அமெரிக்காவில் சரக்கை இறக்குகிறவர். ஆனால் கணக்கு அங்கேயே நிற்காது. 4 டாலர் பருத்தி டி-ஷர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு அங்கே பழைய வரியே 16.5 சதவீதம், அதாவது 66 சென்ட். 2025 ஆகஸ்ட் 7ஆம் தேதி 25 சதவீதமும், 27ஆம் தேதி இன்னொரு 25 சதவீதமும் ஏறியதும் வரி மட்டுமே 2 டாலர் 66 சென்ட் ஆகிவிட்டது. அப்போது பங்களாதேஷ், வியட்நாம் சரக்குக்குக் கூடுதல் வரி 20 சதவீதம்தான். அங்கிருந்து போனால் 1 டாலர் 46 சென்ட். ஒரு பீசுக்கு 1 டாலர் 20 சென்ட் வித்தியாசம். எங்களுக்கு ஒரு பீசில் நிற்கிற லாபம் அதில் கால்வாசிகூட இல்லை.

ஆகஸ்ட் கடைசி வாரம் எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் குழந்தைகள் டி-ஷர்ட் அடுக்கி வைத்திருந்தோம். நெஞ்சில் கிறிஸ்துமஸ் மான் பிரின்ட், கழுத்தில் டாலர் விலை அடித்த டேக். பெட்டி ஒட்டியாகிவிட்டது, லாரி வர வேண்டியதுதான் பாக்கி. விலையைக் குறைத்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் நிறுத்திவையுங்கள் என்று பையரிடமிருந்து மெயில். அந்த மானை வேறு யாரிடம் விற்பது? முதலாளி 15 சதவீதம் குறைத்துக் கொடுத்தார். மறுவாரம் நைட் ஷிஃப்ட் நின்றது. செக்கிங் அக்காக்களுக்கு ஓவர்டைம் போயிற்று. ஒடிசா பையன்கள் சிலர் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். யார் கட்டுகிறார்கள் என்று கேட்டாயே, அவர்களும்தான் கட்டுகிறார்கள்.

சரி, அந்த ஆர்டர் அமெரிக்கத் தையல்காரருக்காவது போனதா? எங்கள் பையர் அடுத்த சீசனை டாக்காவுக்கு மாற்றிவிட்டார். ஆள் இல்லாத, ஆலை இல்லாத தொழிலுக்கு வரி போட்டால் வேலை இன்னொரு வெளிநாட்டுக்குத்தான் போகும்.

நம் பக்கமும் ஒரு வரி இருந்தது. 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு 11 சதவீதம் போட்டார்கள். எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தோம். 2025 ஆகஸ்ட் 19ஆம் தேதி விலக்கு கொடுத்தார்கள், அந்த வருடம் டிசம்பர் 31 வரை நீட்டித்தும் விட்டார்கள். எங்களுக்கு அது பெரிய மூச்சு.

கரிசல்காடு, பெரம்பலூர்:
அண்ணா, உங்களுக்கு மூச்சு வந்த வாரத்தில் நாங்கள் பருத்தி விதை ஊன்றிக்கொண்டிருந்தோம். விதையும் உரமும் மண்ணுக்குள் போன பிறகு வரியை எடுத்தால் நாங்கள் என்ன செய்ய? தெலுங்கானா, விதர்பா பக்கம் அறுவடையே அக்டோபரிலிருந்துதான். சரியாக அவர்கள் வண்டி கட்டும் மாதங்களில் வெளிநாட்டுப் பஞ்சு வரியில்லாமல் இறங்கியது.

நீண்ட இழைப் பருத்திக்கு 2025-26இல் அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். போன மாசியில் என் அப்பா கொண்டுபோன பருத்தியை வியாபாரி ஒரு பிடி அள்ளி, கையில் நசுக்கிப் பார்த்து, ஈரம் என்று சொல்லி 6,700க்குத்தான் எடுத்தார். எடுப்புக் கூலி, வண்டி வாடகை போக ஒன்றும் நிற்கவில்லை. அமெரிக்காவில் பருத்தி விவசாயிக்கு அரசு மானியம் கொடுக்கிறது. அந்தப் பஞ்சோடு எங்களை மோதவிடும்போது 11 சதவீதம்தான் எங்களுக்கு இருந்த வேலி.

மதுரை மாணவி:
இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகப் படுகிறது. அப்படியென்றால் அந்த 11 சதவீதத்தால் விவசாயிக்கு நான்கு வருடத்தில் பலன் கிடைத்ததா?

பவர்டேபிள், திருப்பூர்:
தம்பி சொன்ன நேரக் கணக்கு சரிதான். விதைத்த பிறகு விதியை மாற்றியது தப்பு, எங்களுக்குச் சாதகமாக இருந்தாலும் தப்புதான்.

பலன் என்று கேட்டால், 2022 ஏப்ரலில் அந்த வரிக்குத் தற்காலிக விலக்கு கொடுத்தும், மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை தாங்காமல் நாங்கள் தவித்தோம். அந்த மாதத்தில் எத்தனை விவசாயி வீட்டில் பருத்தி இருந்தது? முக்கால்வாசிப் பேர் மாசி, பங்குனியிலேயே விற்றிருப்பார்கள். சரக்கைப் பிடித்து வைத்தவர்களுக்குத்தான் அந்த ஏற்றம் கிடைத்தது. மகசூலும் ஏறவில்லை. ஒரு காலத்தில் ஹெக்டேருக்கு 500 கிலோவைத் தாண்டிய பஞ்சு இப்போது 450ஐச் சுற்றி நிற்கிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு வரியைப் பார்த்து ஓடாது. வேலி போட்ட வருடங்களில் நல்ல விதையும் நேரடிக் கொள்முதலும் வந்திருக்க வேண்டும்.

மறுபடியும் விலக்கு கேட்டு எங்கள் ஆட்கள் மனு கொடுத்தால், நானும் கையெழுத்துப் போடுவேன் தம்பி. உங்கள் பருத்தியை ஆதார விலைக்கு ஊரிலேயே வந்து அரசு எடுக்க வேண்டும் என்று அதே மனுவில் சேர்க்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். பெரம்பலூரில் பருத்தி எப்போது எடுப்புக்கு வரும், எந்த ரகம், அந்த விவரத்தை மட்டும் இங்கே எழுதுங்கள்.