விசேஷ வீட்டில் சீஸ் உருளைக்கிழங்கு பேக்: செய்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து, இழையைத் தொடங்குபவர்

அனைவருக்கும் வணக்கம். வீட்டு விசேஷங்களில் முப்பது நாற்பது பேருக்கு உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்து ஓவனில் பேக் செய்து பரிமாறியவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான்கு பேருக்குச் செய்யும் குறிப்புகள் எங்கும் கிடைக்கின்றன. ஆனால் உறவினர்களில் சிலர் ஆறு மணிக்கும் சிலர் எட்டரை மணிக்குமாக வந்து சேரும் நம் வீடுகளில், ஆறிய பிறகும் பதம் கெடாமல் இருக்கும்படி இதை எப்படிச் செய்வது என்பதை நான் இரண்டு விசேஷங்களில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டுக் குறிப்புகளில் இதற்குக் கேசரோல் என்று பெயர். நம் பக்கம் அந்தச் சொல்லைச் சொன்னால் சப்பாத்தி மூடி வைக்கும் ஹாட்பாக்ஸைத்தான் எடுத்து வருவார்கள் என்பதால், எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு பேக் என்றே சொல்கிறோம்.

முதல் முறை என் மாமனாரின் மணிவிழா. மதியச் சாப்பாட்டைச் சமையல்காரர் பார்த்துக்கொண்டார். மாலையில் வீட்டில் தங்கும் நாற்பது பேருக்கு, குறிப்பாகப் பெங்களூரிலிருந்து வந்திருந்த பிள்ளைகளுக்கு, இதைச் செய்து தருகிறேன் என்று நானே முன்வந்தேன். கிழங்கைக் குக்கரில் நான்கு விசில் விட்டேன். நேரம் போதாததால், வெந்த கிழங்கை ஈரம் வடியுமுன்பே உரித்து, மூடி போட்ட குண்டானில் சூடாக அடைத்து வைத்தேன். வீட்டில் தோய்த்த தயிரை அப்படியே ஊற்றினேன். பாக்கெட்டில் துருவியே விற்கும் மொசரெல்லாவை மேலே தூவினேன். ஓவனிலிருந்து எடுத்தபோது பொன்னிறமாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் கரண்டி உள்ளே போனதும், குழிந்த இடத்தில் மோர்த்தெளிவு போல ஒரு நீர் ஊறி வந்து நின்றது. தயிர் திரிந்து மணல் மணலாகக் கிழங்கில் ஒட்டியிருந்தது. எட்டு மணிக்கு வந்தவர்களுக்குப் பரிமாறும்போது மொசரெல்லா ரப்பர் போல இழுபட்டது. என் மாமியார் ஒரு வார்த்தையும் சொல்லாமல், ட்ரேயை ஒரு பக்கமாகச் சாய்த்து, தேங்கிய நீரைக் கிண்ணத்தில் வடித்து அப்பால் வைத்தார். அந்தக் கிண்ணத்தைப் பார்த்த பிறகுதான், இந்தப் பண்டத்தில் முதலில் கவனிக்க வேண்டியது சீஸ் அன்று, கிழங்கில் நிற்கும் தண்ணீர் என்பது எனக்கு உறைத்தது.

அதன் பிறகு நான் செய்யும் முறை இது. 33 செ.மீ. நீளமும் 23 செ.மீ. அகலமும் உள்ள ஒரு ட்ரேக்கு 2 கிலோ கிழங்கு தேவை. மற்ற பலகாரங்களும் இருக்கும் விருந்தில் அது இருபது பேருக்குத் தாராளமாகப் போதும். தோல் சீவி, சுண்டுவிரல் பருமனுக்குத் துண்டுகளாக்கி, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் இட்டு, திறந்த பாத்திரத்திலேயே வேக வைக்கிறேன். கத்தி முனை இறங்க வேண்டும், துண்டு உடையக் கூடாது. அந்தப் பதத்தில் வடித்து, வெறும் பாத்திரத்தில் திருப்பிப் போட்டு, அடுப்பைச் சிறு தீயில் வைத்து இரண்டு நிமிடம் குலுக்குகிறேன். துண்டுகளின் ஓரம் வெளுத்து மாவு பூத்தாற்போல ஆகும். ஆவி அடங்கும்வரை தாம்பாளத்தில் பரப்பி வைத்தால் போதும், பிறகு நீர் விடாது.

சாஸுக்கு 60 கிராம் வெண்ணெயில் 60 கிராம் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, 750 மி.லி. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி, கெட்டியானதும் இறக்கிவிட வேண்டும். சீஸை அடுப்பில் இருக்கும்போது சேர்த்தால் கொழுப்புப் பிரிந்து திரிதிரியாகும். இறக்கி ஒரு நிமிடம் கழித்தே சேர்க்க வேண்டும். 400 கிராம் சீஸில் பாதி செடார், பாதி சாதாரணப் புராசஸ்டு சீஸ் கட்டி. ருசிக்குச் செடார் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் புராசஸ்டு சீஸில் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கும் உப்புகள் சேர்க்கப்பட்டிருப்பதால், அது உருகிய பின் இரண்டு மணி நேரம் ஆறினாலும் மழமழப்பு குறைவதில்லை. காத்திருந்து பரிமாறும் விருந்துக்கு அதைவிட நம்பகமானது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. கடையில் துருவி விற்கும் சீஸில் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஒரு தூள் சேர்த்திருப்பார்கள். அது சாஸில் நன்றாகக் கரையாது. கட்டியாக வாங்கி, குளிர்ச்சி மாறுமுன் நீங்களே துருவிக்கொள்ளுங்கள். விருந்துக்குச் சைவம் மட்டுமே உண்பவர்கள் வருவதாக இருந்தால், உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நம் கடமை. சில சீஸ் வகைகளில் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைப் பயன்படுத்துவார்கள்.

இனி மற்றவர்கள் எழுதுங்கள்.

தளியிலிருந்து ஓர் உழவர்

சகோதரிக்கு வணக்கம். நான் சமைப்பவன் அல்லன்; கிழங்கு விளைவிப்பவன். ஆனால் கடந்த ஆண்டு எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் என் மகள் இதைச் செய்தபோது, கிழங்கைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான் என்பதால் எழுதுகிறேன். நீங்கள் தண்ணீர் என்று சொன்னீர்களே, அந்தத் தண்ணீரில் பாதி சமையலறையில் சேருவதில்லை; அது காட்டிலிருந்தே கிழங்கோடு வருகிறது.

சந்தையில் கிழங்கைக் கையில் எடுத்ததும் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். தோல் சவ்வு போல உரிந்து வந்தால் அது முற்றாத புதுக்கிழங்கு. பொரியலுக்கும் குருமாவுக்கும் அதைப் போல ருசி வராது, ஆனால் இந்தப் பண்டத்தில் அது நீர் விட்டு, சாஸை உள்ளே வாங்காமல் வழுக்கிக்கொண்டே நிற்கும். தோல் இறுகி, கிழங்கு கனமாக, தட்டினால் திண்ணென்று இருக்க வேண்டும். கண்ணால் பார்த்துத் தெரியாவிட்டால் என் மகள் செய்த சோதனையைச் செய்யலாம். 1 பங்கு உப்புக்கு 11 பங்கு தண்ணீர் என்று கரைத்து, அதில் கிழங்கைப் போட்டால் மாவுச்சத்து மிகுந்தது அடியில் தங்கும், நீர்த்தன்மை உடையது மிதக்கும். அன்று ஒரே மூட்டையிலிருந்து எடுத்ததிலேயே நான்கு மிதந்தன. அவற்றை மறுநாள் சாம்பாருக்கு ஒதுக்கிவிட்டோம். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998-இல் வெளியிட்ட குஃப்ரி சிப்சோனா ரகங்கள், சிப்ஸுக்காக உருவாக்கப்பட்டவை என்பதால், மாவுச்சத்து கூடுதலாக இருக்கும். எங்கேனும் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விசேஷத்துக்கு நான்கு நாள் முன்பே கிழங்கு வாங்கி ஃபிரிட்ஜில் அடுக்குபவர்கள் இருக்கிறார்கள். கடுங்குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அதை ஓவனில் வைத்தால் வேகுமுன்பே மேற்புறம் கறுக்கும், வாயில் ஓர் அசட்டுத் தித்திப்பும் தங்கும். சாக்கில் போட்டு, வெயில் படாத காற்றோட்டமான மூலையில் வைத்தால் போதுமானது. பச்சை நிறம் ஏறிய கிழங்கை விருந்துக்கு மட்டுமன்று, எதற்குமே எடுக்க வேண்டாம். அந்தப் பச்சை ஏறிய இடத்தில் சோலனைன் என்னும் நச்சுப்பொருளும் கூடியிருக்கும்.

தருமபுரியிலிருந்து

இழையைத் தொடங்கிய தங்கைக்கும், தளி ஐயாவுக்கும் நன்றி. எனக்கு இந்தப் பண்டம் அறிமுகமானது விருந்தில் அன்று, துக்க வீட்டில். மகனோடு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, எதிர்வீட்டு மூதாட்டி காலமானார். அடக்கம் முடிந்து வந்தவர்களுக்குத் தேவாலயக் கூடத்தில் சாப்பாடு போட்டார்கள். நீளமான மேசையில் ஏழெட்டு ட்ரேக்கள், ஏழெட்டு வீடுகளிலிருந்து வந்தவை, அனைத்திலும் ஒரே உருளைக்கிழங்கு. அதற்கு அங்கே இறுதிச்சடங்கு உருளைக்கிழங்கு என்றே பெயர். அங்கு மார்மன் சபையினர் மிகுதி. அவர்களுடைய ரிலீஃப் சொசைட்டி என்னும் மகளிர் அமைப்பு 1842-இல் தொடங்கப்பட்டது; துக்கம் நேர்ந்த குடும்பத்துக்கு உணவு ஏற்பாடு செய்வது அந்தப் பெண்களின் வழக்கம். 2002-இல் சால்ட் லேக் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது இந்தப் பண்டத்தின் உருவத்தில் சட்டையில் குத்தும் நினைவுச் சின்னம்கூட வெளியிட்டார்களாம்; எதிர்வீட்டு மகள் தன் தாயாரின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார்.

அதைக் கேட்டபோது எனக்கு நம் வழக்கம்தான் நினைவுக்கு வந்தது. நம் பக்கத்திலும் சாவு நேர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பங்காளிகளும் அக்கம்பக்கத்தாரும்தான் சோறும் குழம்பும் ஆக்கிக் கொண்டுவந்து, சாப்பிட மனமில்லாதவர்களை உட்கார வைத்துப் பரிமாறுவார்கள். என் தந்தையார் இறந்த அன்று தூக்குப்போசியில் வந்த ரசச்சோற்றின் சூடு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் சாப்பாடு மெல்லச் சிரமமில்லாமல், ஆறினாலும் உண்ணத் தக்கதாக, எத்தனை பேர் வந்தாலும் பகிரக் கூடியதாக இருக்க வேண்டும். அந்த ஊர்ப் பெண்களும் அதே கணக்கில்தான் இதைத் தேர்ந்திருக்கிறார்கள்.

அவர்கள் செய்யும் முறை மிக எளிது. துருவி உறைய வைத்த கிழங்கு, டின்னில் வரும் கெட்டி சூப், புளித்த கிரீம், துருவிய செடார் ஆகியவற்றைக் கலந்து, மேலே நொறுக்கிய கார்ன்ஃபிளேக்ஸை வெண்ணெயில் பிசறித் தூவி, ஓவனில் வைத்துவிடுகிறார்கள். சூப் பெரும்பாலும் கோழிச் சூப். நான் அசைவம் உண்பதில்லை என்று தெரிந்ததும், அந்த மகள், தாயை இழந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், எனக்கென்று தனியாகக் காளான் சூப்பில் ஒரு சிறு ட்ரே செய்து கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் நின்று வாங்கியபோது, ட்ரேயைச் சுற்றியிருந்த துண்டு இன்னும் சுட்டது.

ஊர் திரும்பி, பேரனின் பிறந்தநாளுக்கு இதைச் செய்தேன். புளித்த கிரீமுக்குப் பதிலாகத் தயிர்தான் எடுத்தேன், ஆனால் திரியவில்லை. அரை லிட்டர் தயிரை மெல்லிய துணியில் கட்டி நான்கு மணி நேரம் தொங்கவிட்டு, வடிந்த கட்டித்தயிரில் ஒரு தேக்கரண்டி சோளமாவைக் கட்டியில்லாமல் அடித்து, சாஸ் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு கலக்கினேன். தயிர் அன்று தோய்ந்ததாக, புளிப்பேறாததாக இருக்க வேண்டும். மேலே தூவக் கார்ன்ஃபிளேக்ஸ் எடுக்கவில்லை. தட்டையை நம் பக்கத்தில் பலரும் நிப்பட்டு என்பார்கள் அல்லவா, அந்த நிப்பட்டை ஒன்றிரண்டாக நொறுக்கி, வெண்ணெயில் பிசறிப் பரப்பினேன். வேர்க்கடலையும் கறிவேப்பிலையும் பொன்னிறமாகி, அதன் காரம் சீஸின் கொழுப்பை நன்றாக வெட்டிக் கொடுத்தது. நிப்பட்டில் உப்பு இருக்கும் என்பதால் சாஸில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரிலிருந்து

ஒரே ஒரு கேள்வி. நான் வேலைக்குச் செல்பவள். முதல்நாள் இரவே கலந்து வைத்துவிட்டு மறுநாள் பேக் செய்யலாமா? ஒருமுறை பச்சைக் கிழங்கைத் துருவி, கலந்து, ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் முழுவதும் சாம்பல் நிறமாகியிருந்தது. மேலும், என் ஓவனில் ஒரு ட்ரேதான் கொள்ளும். இரண்டாவது ட்ரே வேகுமுன் முதலாவது தீர்ந்துவிடுகிறது.

கிருஷ்ணகிரி, இழையைத் தொடங்கியவர்

தாராளமாக வைக்கலாம், ஆனால் வேக வைத்த கிழங்காக இருக்க வேண்டும். பச்சைக் கிழங்கு காற்றுப் பட்டால் கறுக்கும் என்பது ஒருபுறமிருக்க, புளிப்புள்ள சாஸில் அது எளிதில் வேகவும் வேகாது. கிழங்கும் சாஸும் நன்றாக ஆறிய பிறகே கலந்து மூடி வைக்க வேண்டும். நிப்பட்டோ கார்ன்ஃபிளேக்ஸோ எதுவாயினும் ஓவனில் வைக்கும் நேரத்தில்தான் தூவ வேண்டும்; இரவே தூவினால் நமத்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ட்ரே அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும், குறிப்பாகக் கண்ணாடி ட்ரேயைச் சில்லென்று இருக்கும்போதே சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடும். 180 டிகிரியில் முதல் 25 நிமிடம் ஃபாயிலால் மூடியும், பிறகு 20 நிமிடம் திறந்தும் வைத்து, ஓரங்களில் சாஸ் கொதித்துக் குமிழ் விடும்போது எடுத்து, 15 நிமிடம் தொடாமல் விட்டால் கரண்டியில் எடுக்கும்போது கட்டியாக வரும்.

இரண்டு ட்ரே பிரச்சினைக்கு எனக்கு வழி காட்டியது எங்கள் தெரு பேக்கரி. கொழுந்தன் மனைவியின் வளைகாப்புக்கு நான்கு ட்ரே தேவைப்பட்டது. மாலை பன் வேலை முடிந்ததும் விறகு ஓவன் வெறுமனேதான் சூடாக இருக்கும் என்பதால், அங்கே மாஸ்டராக இருக்கும் அண்ணனிடம் கேட்டேன். அவர் ஒரு சிட்டிகை மைதாவை ஓவன் தரையில் வீசிப் பார்த்தார். மாவு உடனே கருகியது. "இப்ப வச்சா மேல தீஞ்சிடும்மா, கொஞ்சம் பொறுங்க" என்றார். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஒரு சிட்டிகை. இந்த முறை மாவு மெல்ல நிறம் மாறி, வறுத்த ரவை நிறத்தில் நின்றது. நான்கு ட்ரேக்களையும் நீளக்கட்டையால் உள்ளே தள்ளி, பாதியில் முன்னும் பின்னுமாக இடம் மாற்றி வைத்தார். முக்கால் மணி நேரத்தில் நான்கும் ஒரே நிறத்தில் வெளியே வந்தன. கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, ட்ரேயின் மூலையில் ஒரு துண்டு வெட்டி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

அன்று இரவு ஒன்பது மணிக்குக் காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த சின்ன மாமியாருக்குக் கடைசி ட்ரேயிலிருந்து எடுத்து வைத்தேன். கரண்டி எடுத்த பள்ளத்தில் நீர் ஊறவில்லை.